நிற்பவர்களும் தாங்குபவர்களும்: பென் ஸ்டேட் மாணவர்களின் 46 மணி நேரம்

ஆண்டுதோறும் பிப்ரவரி மாதத்தின் ஒரு ஞாயிற்றுக்கிழமை பிற்பகல் நான்கு மணிக்கு, அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்தில் உள்ள ஸ்டேட் காலேஜ் என்னும் ஊரில், ஏறத்தாழ எழுநூறு மாணவர்கள் ஒரே நேரத்தில் தரையில் உட்காருகிறார்கள். உட்காருவது ஒரு செய்தியா என்று கேட்கத் தோன்றும். வெள்ளிக்கிழமை மாலை ஆறு மணிக்கு எழுந்து நின்றவர்கள், இடையில் இரண்டு இரவுகள் கழிந்தும் உறங்காமலும் உட்காராமலும் இருந்து, 46 மணி நேரம் முடிந்த பிறகே உட்காருகிறார்கள் என்பதால் அது செய்தியாகிறது. அவர்களைச் சுற்றி, பிரைஸ் ஜோர்டன் சென்டர் என்ற பெரிய உள்ளரங்கத்தின் பல்லாயிரம் இருக்கைகளும் நிரம்பியிருக்கின்றன. சற்று நேரத்தில் மேடையில் நிற்பவர்கள் ஆளுக்கோர் இலக்க அட்டையைத் தூக்கிப் பிடிக்கிறார்கள். குழந்தைகளின் புற்றுநோய்ச் சிகிச்சைக்காகவும் அது தொடர்பான ஆராய்ச்சிக்காகவும் அந்த ஆண்டு மாணவர்கள் திரட்டிய தொகையை அந்த இலக்கங்கள் காட்டுகின்றன. 2025-ஆம் ஆண்டு அது 1.77 கோடி டாலரைக் கடந்தது.

பென்சில்வேனியா ஸ்டேட் பல்கலைக்கழகத்தின் (சுருக்கமாகப் பென் ஸ்டேட்) மாணவர்கள் தாங்களே திட்டமிட்டு நடத்தும் இந்த நடன மாரத்தானின் பெயர் ‘தான்’. மாரத்தான் என்ற சொல்லின் வாலை மட்டும் நறுக்கி வைத்த பெயர் அது. தமிழ்க் காதுக்கு அதுவே தானத்தின் தலையாகவும் ஒலிப்பது தற்செயலே எனினும், பொருந்தாத தற்செயல் என்று சொல்ல முடியாது. பதினாறாயிரத்துக்கும் மேற்பட்ட மாணவத் தொண்டர்கள் ஏதோ ஒரு வகையில் இதில் பங்கேற்கிறார்கள் என்று நிகழ்வை நடத்துவோர் கூறுகின்றனர். மாணவர்களால் நடத்தப்படும் அறப்பணிகளில் உலகிலேயே மிகப் பெரியது இதுவே என்றும் அவர்கள் சொல்லிக்கொள்கிறார்கள்.

தொகையின் அளவு வியப்பூட்டுவதுதான். ஆனால் இந்த ஆய்வு எடுத்துக்கொள்ளும் கேள்வி வேறு. ஒரு கல்லூரியின் மாணவர் கூட்டம் நான்கு ஆண்டுகளில் முழுமையாக மாறிவிடுகிறது. 1973-இல் முதல் நிகழ்வை நடத்தியவர்களில் பெரும்பாலோர் 1977-இல் வளாகத்தில் இல்லை. சம்பளம் வாங்கும் நிரந்தர ஊழியர்கள் அல்லாமல், வந்து போகும் இளைஞர்களின் தோளில் ஏறிக்கொண்டு ஓர் அறப்பணி அரை நூற்றாண்டைக் கடந்து வளர்ந்திருக்கிறது என்றால், ஒரு தலைமுறையிலிருந்து அடுத்ததற்கு அதை எடுத்துச் செல்வது எது? விதிப்புத்தகம் ஓரளவு உதவும்; பல்கலைக்கழகத்தின் ஆதரவும் உதவும். ஆயினும் அதைச் சுமந்து செல்வது முதன்மையாக மாணவர்களிடையே உண்டாகும் நட்பு என்பதும், அந்த நட்பு தானாக விளையாமல் வேலை பங்கிடப்பட்ட முறையால் விளைவிக்கப்படுகிறது என்பதும் என் கருத்து.

முப்பத்தொன்பது இணைகள்

நடன மாரத்தான் என்ற வடிவத்துக்கு ஒரு கசப்பான முன்கதை உண்டு. 1930-களின் பொருளாதாரப் பெருமந்தக் காலத்தில், பரிசுப் பணத்துக்காகவும் போட்டி நடக்கும்வரை கிடைக்கும் சாப்பாட்டுக்காகவும் வேலையற்றவர்கள் நாட்கணக்கில் ஆடினார்கள்; கடைசியாக நிற்கும் இணைக்குப் பரிசு. அதைக் காண மற்றவர்கள் சீட்டு வாங்கிக்கொண்டு வந்தார்கள். ஒருவர் சரிந்து விழுவதே அங்கே காட்சி.

1973-இல் பென் ஸ்டேட்டின் ஆண் மாணவர் சங்கங்களுடைய கூட்டமைப்பு இந்த வடிவத்தை எடுத்துக்கொண்டு அறப்பணிக்குத் திருப்பியது. வளாகத்தின் மாணவர் மன்றக் கட்டடத்தில் 39 இணைகள் 30 மணி நேரம் ஆடினார்கள். மனவளர்ச்சிக் குறைபாடுள்ள குழந்தைகளுக்கான அமைப்பு ஒன்றுக்காக இரண்டாயிரம் டாலருக்குச் சற்று மேல் திரண்டது. இன்றைய தொகையோடு ஒப்பிட்டால் அது ஒரு துளி. ஆனால் வேறொன்றைக் கவனிக்க வேண்டும். விழுபவரைப் பார்க்க வந்த கூட்டத்தின் இடத்தில், ஒருவரும் விழுந்துவிடக் கூடாது என்று விரும்பும் கூட்டம் வந்துவிட்டது. வடிவம் பழையதுதான், அதன் உள்ளே இருந்த உறவு தலைகீழாகிவிட்டது.

1977-இல் இன்னொரு மாற்றம் வந்தது. அதுவரை பல காரணங்களுக்காகத் திரட்டப்பட்ட பணம், அவ்வாண்டிலிருந்து ‘ஃபோர் டயமண்ட்ஸ்’ என்ற நிதியம் ஒன்றுக்கே செல்லத் தொடங்கியது. சார்லஸ் மில்லார்ட், இர்மா மில்லார்ட் என்ற தம்பதியர் 1972-இல் தொடங்கிய நிதியம் அது. அவர்களுடைய மகன் கிறிஸ்டோபர் பதினான்கு வயதில் புற்றுநோயால் இறந்தான். இறப்பதற்கு முன் அவன் எழுதி வைத்த கதையில், சூனியக்காரியின் பிடியிலிருந்து விடுபட ஒரு வீரன் துணிவு, அறிவு, நேர்மை, வலிமை ஆகிய நான்கு வைரங்களைத் தேடிப் போகிறான். நிதியத்தின் பெயர் அந்தக் கதையிலிருந்து வந்தது. ஹெர்ஷி நகரில் உள்ள பென் ஸ்டேட் குழந்தைகள் மருத்துவமனையில் புற்றுநோய்க்குச் சிகிச்சை பெறும் குழந்தைகளின் செலவில் காப்பீடு ஏற்காத பகுதியை இந்த நிதியம் ஏற்கிறது. எஞ்சிய பணம் ஆராய்ச்சிக்குப் போகிறது. மருத்துவக் கட்டணம் குடும்பங்களைத் திவாலாக்கும் ஒரு நாட்டில், பிள்ளையின் நோயோடு கடனும் வந்து சேராது என்ற உறுதிக்கு என்ன மதிப்பு என்பதை விளக்கத் தேவையில்லை.

ஆண்டுக்கொரு காரணம் என்ற நிலை போய், ஒரே நோய், ஒரே மருத்துவமனை என்றானதன் விளைவு மாணவர்களின் உறவிலும் தெரிகிறது. 1980-இல் ஆடிய மாணவனும் 2020-இல் ஆடிய மாணவியும் சந்தித்தால், இருவரும் ஒரே வேலையைச் செய்தவர்கள். காரணம் மாறிக்கொண்டே இருந்திருந்தால் முன்னாள் மாணவர்களின் நினைவு வெறும் இளமை நினைவாக நின்றிருக்கும். ஒரே பணியாக நிலைத்ததால் அது பரம்பரையாகிவிட்டது.

யார் யாரைத் தாங்குகிறார்கள்

நிகழ்வின் படங்களைப் பார்ப்பவர்களுக்கு அது ஆடுபவர்களின் நிகழ்வாகத் தோன்றும். எண்ணிக்கையைப் பார்த்தால் நிலைமை வேறு. ஆடுவோர் எழுநூறு பேர். எஞ்சிய பல்லாயிரம் பேர் செய்வது, அந்த எழுநூறு பேரும் நின்றுகொண்டிருக்கத் தேவையான வேலைகளை.

அவ்வேலைகள் பல குழுக்களாகப் பிரிக்கப்பட்டிருக்கின்றன. ஒரு குழு வாசல்களையும் பாதுகாப்பையும் விதிகளையும் பார்த்துக்கொள்கிறது. இன்னொன்று உணவைக் கவனிக்கிறது. ஒன்று கணக்கு, ஒன்று மேடை, ஒன்று தொழில்நுட்பம், ஒன்று குடும்பங்களுடனான தொடர்பு என்று பட்டியல் நீளும். அரங்கை அமைப்பதும், நிகழ்வு நடக்கும்போதே அதைத் துப்புரவாக வைப்பதும், கடைசியில் எல்லாவற்றையும் கழற்றி எடுப்பதும் வேறொரு குழுவின் பொறுப்பு. ஒவ்வொரு குழுவும் மாணவக் கேப்டன்களின் கீழ் சிறு அணிகளாகப் பிரிந்து, இலையுதிர்காலத்திலேயே வாரந்தோறும் கூடத் தொடங்கிவிடுகிறது. அதாவது பிப்ரவரியின் ஒரு வார இறுதிக்காக முந்தைய செப்டம்பரிலிருந்தே சந்திப்பு நடக்கிறது. பல்லாயிரம் பேரில் ஒருவராக வளாகத்துக்கு வந்து சேரும் முதலாண்டு மாணவருக்கு, பெயர் சொல்லி அழைக்கும் சில பத்துப் பேர் வாரம் ஒருமுறை கிடைக்கிறார்கள். கோயில் அன்னதானத்தில் சாம்பார் வாளி தூக்கியவர்களுக்கு இது எளிதில் புரியும். பந்தியில் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்டவரை மறந்துவிடுவோம். அதே வாளியின் மறுகாதைப் பிடித்தவரை மறப்பதில்லை.

இந்தக் குழுக்களில் ஒன்றை மட்டும் விரிவாகப் பார்ப்பது தகும். முன்பு ‘மன உறுதிக் குழு’ என்ற பொருள்படும் பெயரிலும், இப்போது ஆடுவோர் உறவுக்குழு என்ற பெயரிலும் அது இயங்குகிறது. ஆடும் ஒவ்வொருவருக்கும் இக்குழுவிலிருந்து ஒருவர் ஒதுக்கப்படுகிறார். நிகழ்வுக்குப் பல வாரங்கள் முன்பே இருவரும் அறிமுகமாகிவிடுகிறார்கள். ஆடப்போகிறவர் காபி, தேநீர் ஆகியவற்றை விட்டு உடலைப் பழக்கிக்கொண்டிருக்கும் காலத்திலேயே, அவர் எதைக் கேட்டால் சிரிப்பார், எதைச் சொன்னால் எரிச்சலடைவார், வீட்டில் யார் யார் இருக்கிறார்கள் என்பதையெல்லாம் துணைவர் தெரிந்துவைத்துக்கொள்கிறார். இரண்டாம் இரவின் பின்யாமத்தில் இந்த அறிவு தேவைப்படும். அந்நேரத்தில் பார்வையாளர் வரிசைகள் மெலிந்துவிடும், கால் வீங்கியிருக்கும், உறக்கமின்மையால் சிலருக்கு நேரமும் இடமும் குழம்பிப் போகும். அப்போது ஒருவரை நிற்கவைப்பது பொதுவான ஊக்கச் சொற்களால் ஆகாத காரியம். காலுறையை மாற்றிவிடுவது, பாதத்தைப் பிடித்துவிடுவது, தோளைக் கொடுத்து நடக்கவைப்பது, அழுதால் அழவிட்டுக் காத்திருப்பது ஆகியவற்றால்தான் ஆகும்.

உதவி பெறுபவருக்கு உதவியவர்மேல் பற்று வரும் என்பது எல்லோரும் அறிந்தது. உதவுகிறவருக்கு அதைவிடக் கூடுதலாக வருகிறது என்பதை இந்த ஏற்பாடு காட்டுகிறது. தன் பொறுப்பில் விடப்பட்ட ஒருவர் நான்கு மணிவரை நின்றுவிட்டால், துணைவருக்கு அது தானே நின்றது போலத்தான். மேலும், சரிந்துபோன நிலையில் ஒருவரைப் பார்த்துவிட்ட பிறகு, அவரோடு வெறும் மரியாதைப் பழக்கத்துக்குத் திரும்புவது கடினம். கல்லூரி நட்புகள் பலவும் ஒருவர் மற்றவருக்குத் தன் நல்ல முகத்தைக் காட்டுவதில் தொடங்குகின்றன. இங்கே தொடக்கமே களைத்த முகம்.

நேரம் நகர்வதற்குச் சில உபாயங்கள் உள்ளன. ஏறக்குறைய ஒவ்வொரு மணி நேரத்திலும், அந்த ஆண்டுக்கென்றே புதிதாக அமைத்த வரிசை ஆட்டம் ஒன்றை அரங்கம் முழுவதும் சேர்ந்து ஆடுகிறது. அவ்வாண்டின் செய்திகளும் வளாக நிகழ்ச்சிகளும் அதன் பாட்டு வரிகளில் இடம்பெறும். முதல் முறை தடுமாறியவர்கள் நாற்பதாவது முறை கண்ணை மூடிக்கொண்டு ஆடுவார்கள். இடையில் தபால் நேரம் ஒன்று உண்டு. வீட்டாரும் நண்பர்களும் அனுப்பிய கடிதங்களும் பொட்டலங்களும் அப்போது ஆடுவோருக்குத் தரப்படுகின்றன. குழந்தைகள் தண்ணீர்த் துப்பாக்கிகளோடு நடனத்தளத்தில் ஓடித் திரிகிறார்கள். சிகிச்சையில் இருக்கும் பிள்ளைகளும், சிகிச்சை முடிந்தவர்களும், அவர்களுடைய அண்ணன் தங்கைகளும் அவர்களில் உண்டு. பிறர் உடல்களின் சோர்வை எண்ணித் தன் வேடிக்கையைக் குறைத்துக்கொள்ள வேண்டிய கட்டாயம் அந்த ஒரு வார இறுதியில் அப்பிள்ளைகளுக்கு இல்லை. நனைக்கப்பட்டவர் சிரித்தே தீர வேண்டும்.

மாணவர் அமைப்புகள் பலவும் இக்குடும்பங்களோடு இணைக்கப்பட்டிருக்கின்றன. ஒரு சங்கத்துக்கு ஒரு குடும்பம் என்ற முறையில், பிறந்தநாள், பள்ளி விளையாட்டு, மருத்துவமனை நாட்கள் என ஆண்டு முழுவதும் தொடர்பு நீடிக்கிறது. மாணவர்கள் பட்டம் பெற்றுப் போய்விடுவார்கள். குடும்பம் அச்சங்கத்திலேயே இருக்கும். ஆகவே புதிதாகச் சேரும் மாணவருக்கு மூத்தவர் அறிமுகப்படுத்துவது ஒரு கொள்கையை அன்று. ஒரு சிறுவனையோ சிறுமியையோதான். மேலே எழுப்பிய கேள்விக்கு இதில் பாதி விடை இருக்கிறது.

காவடியும் நடனத்தளமும்

பணத்தைக் கொடுத்துவிட்டுப் போகலாமே, எதற்கு இரண்டு இரவுகள் நின்று உடலை வருத்திக்கொள்வது என்ற கேள்வி நியாயமானது. எழுநூறு பேர் நிற்பதால் எந்தக் குழந்தைக்கும் ஓர் ஊசி மருந்துகூட நேரடியாகக் கிடைத்துவிடுவதில்லை. இக்கேள்விக்குத் தமிழர் வழக்கம் ஒன்றை வைத்து நடத்தப்பட்ட ஆய்வொன்றே வெளிச்சம் தருகிறது.

மொரீஷியஸ் தீவில், தமிழ் வம்சாவளியினர் தைப்பூசத்துக்குக் காவடி எடுக்கும் விழாவில், டிமிட்ரிஸ் ஸைகலாட்டஸ் என்ற மானுடவியலாளரும் உடன் பணியாற்றியவர்களும் ஒரு களச் சோதனை நடத்தி 2013-இல் வெளியிட்டார்கள். கூட்டு வழிபாட்டில் கலந்துகொண்டவர்கள், அலகு குத்திக் காவடி எடுத்தவர்கள், காவடி எடுத்தவர்களுடன் கூடவே நடந்தவர்கள் என்று மூன்று பிரிவினருக்குச் சிறு தொகை கொடுக்கப்பட்டு, அதில் எவ்வளவைக் கோயிலுக்குத் தருகிறார்கள் என்பது அவர்கள் அறியாமல் கணக்கிடப்பட்டது. கூட்டு வழிபாட்டில் இருந்தவர்களைவிடக் காவடி எடுத்தவர்கள் தெளிவாகக் கூடுதலாகக் கொடுத்தார்கள். வலி மிகுதி என்று சொன்னவர்கள் தந்ததும் மிகுதி. இதில் எனக்கு முக்கியமாகப் படுவது மூன்றாம் பிரிவு. உடலில் ஒரு வேலும் குத்திக்கொள்ளாமல், வேண்டியவரின் பக்கத்தில் நடந்து வந்தவர்களும் காவடி எடுத்தவர்களுக்குக் குறையாமல் கொடுத்தார்கள்.

காவடிக்குப் பின்னால் வேண்டுதலும் தெய்வமும் உண்டு. பென் ஸ்டேட் நடனத்தளத்தில் இருப்பது வேறு. இரண்டையும் ஒன்றாக்கிவிடக் கூடாது. ஆனாலும் பால்குடம் எடுப்பவரின் காலில் தண்ணீர் ஊற்றியவர்களும், காவடிக்காரரின் பக்கத்தில் விசிறியோடு நடந்தவர்களும், ஆடுவோரின் துணைவரைப் பார்த்தால் யாரென்று அடையாளம் கண்டுகொள்வார்கள். வருத்திக்கொள்ளும் ஒருவரைச் சுற்றி, வருந்தாத பலர் அவருடைய பாரத்தில் பங்குபெறும் ஏற்பாடு அது. அந்தப் பலரே எண்ணிக்கையில் பெரும்பான்மை. அவர்களே பிறகு கொடுப்பவர்களாகவும் திரட்டுபவர்களாகவும் மாறுகிறார்கள்.

சேர்ந்தாடுவதைப் பற்றியும் ஓர் ஆய்வு உண்டு. ஆக்ஸ்ஃபோர்டைச் சேர்ந்த ஆய்வாளர்கள், ராபின் டன்பார் உட்பட, பிரேசில் நாட்டுப் பள்ளி மாணவர்களைக் குழுக்களாக ஆடவைத்து 2015-இல் வெளியிட்டது அது. ஒரே அசைவில் சேர்ந்து ஆடியவர்களுக்கும், உடலைக் கடுமையாக வருத்தி ஆடியவர்களுக்கும், வலியைத் தாங்கும் எல்லை உயர்ந்தது. குழுவினர்மேல் நெருக்கமும் கூடியது. ஒத்திசைவு, உடலுழைப்பு ஆகிய இரண்டும் தனித்தனியே இந்த விளைவைத் தந்தன என்பதே அதன் முடிவு. மணிக்கொரு முறை நடக்கும் வரிசை ஆட்டத்தில் இரண்டும் கலந்திருக்கின்றன. அதை வகுத்தவர்கள் யாரும் ஆய்வுக் கட்டுரையைப் படித்துவிட்டு வகுக்கவில்லை. உறக்கம் வராமல் இருக்க ஏதாவது செய்ய வேண்டியிருந்தது, அவ்வளவே. கும்மியும் கோலாட்டமும் அறிந்த நமக்கு இதில் புதுமை அதிகமில்லை.

இருந்தாலும் உடல் வழியாக வரும் நெருக்கத்தை மட்டும் வைத்து இந்த நட்பை விளக்கிவிட முடியாது. அது மட்டுமே காரணமென்றால், இரவு முழுவதும் நடக்கும் எந்த இசைவிழாவும் இதே உறவைத் தந்திருக்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமை நடக்கும் குடும்ப நேரம் என்ற பகுதியே இங்கு வேறுபாட்டை உண்டாக்குகிறது. நாற்பது மணி நேரத்துக்கும் மேலாக நின்றவர்கள் முன்னால் குடும்பத்தினர் மேடையேறிப் பேசுகிறார்கள். நோய் நீங்கிய பிள்ளையோடு வருபவர்களும் உண்டு. பிள்ளையை இழந்துவிட்டு வருபவர்களும் உண்டு. இறந்த குழந்தைகளின் படங்கள் திரையில் ஒவ்வொன்றாக வருகின்றன. உறக்கமற்ற உடலுக்குத் தற்காப்புக் குறைவு. அந்நேரத்தில் கேட்டது ஆழமாக இறங்கும். இருபது வயதில், பெற்றோரும் ஆசிரியரும் இல்லாத கூட்டத்தில், சாவைப் பற்றி அழுவதற்கு இளைஞர்களுக்கு வேறு இடம் கிடைப்பதில்லை. அவ்வாறு சேர்ந்து அழுதவர்கள் திங்கட்கிழமை வகுப்பில் சந்திக்கும்போது முந்தைய வாரத்துப் பழக்கத்தினராக இருப்பதில்லை.

உண்டியல்

இந்நிகழ்வைப் பற்றி எழுதுகிறவர்கள் பெரும்பாலும் அந்த 46 மணி நேரத்தோடு நின்றுவிடுகிறார்கள். பணம் வந்த வழிகளில் ஒன்று பல்லாண்டுகள் வரை வேறு மாதிரியானது. நட்பின் கணக்கிலும் இழப்பின் கணக்கிலும் அதற்கு இடமுண்டு.

இலையுதிர்கால வார இறுதிகள் சிலவற்றில், மாணவர்கள் நான்கைந்து பேராகக் கார்களில் ஏறிப் பென்சில்வேனியாவின் ஊர்களுக்கும் அண்டை மாநிலங்களுக்கும் போவார்கள். குழுவில் ஒருவருடைய பெற்றோர் வீட்டில் இரவு தங்குவார்கள். பகலில் சாலைச் சந்திப்புகளிலும் கடை வாசல்களிலும் தகரக் குவளையை ஏந்தி நிற்பார்கள். நம் ஊரில் உண்டியல் குலுக்குதல் என்று சொல்லும் அதே வேலைதான். கூச்சத்தை உடைக்க இதைவிட நல்ல பயிற்சி இல்லை. முன்பின் தெரியாதவரின் கார்க் கண்ணாடியைப் பார்த்துச் சிரித்து, அவர் கண்ணாடியை ஏற்றிவிட்டுப் போனாலும் அடுத்த காருக்கு அதே சிரிப்போடு திரும்ப வேண்டும். பக்கத்தில் நிற்கும் தோழர் இல்லாவிட்டால் அரை மணி நேரம்கூடத் தாக்குப்பிடிக்க முடியாது. நண்பனின் தாய் சமைத்த சாப்பாட்டை அவன் வீட்டு மேசையில் உண்பதும், அவனுடைய சிறுவயதுப் படங்களைச் சுவரில் பார்ப்பதும் விடுதி அறையில் கிடைக்காத நெருக்கத்தைத் தந்தன.

ஆனால் இளைஞர்கள், நீண்ட சாலை, இரவுப் பயணம் ஆகியவை ஒன்றுசேரும் இடத்தில் ஆபத்தும் இருந்தது. 2015 செப்டம்பரில், இத்தகைய பயணம் ஒன்றில் நேர்ந்த கார் விபத்தில் பத்தொன்பது வயது மாணவி ஒருவர் உயிரிழந்தார். பிள்ளைகளின் உயிரைக் காப்பதற்கான முயற்சியில் ஒரு குடும்பம் தன் பிள்ளையை இழந்தது. உண்டியல் பயணங்களைப் படிப்படியாகக் குறைத்து நிறுத்துவது என்ற முடிவு அதன்பின் எடுக்கப்பட்டது.

இந்த முடிவு எளிதாக ஏற்கப்பட்டிருக்கும் என்று யாரும் எண்ண வேண்டாம். பல ஆண்டு மரபு, சங்கங்களுக்கிடையே அதிகம் திரட்டுவதில் போட்டி, பணம் குறைந்தால் குழந்தைகளுக்குக் குறையுமே என்ற குற்றவுணர்வு ஆகிய மூன்றும் ஒருசேர எதிரே நின்றன. 2015 பிப்ரவரியில் 1.3 கோடி டாலராக இருந்த தொகை, 2016-இல் ஒரு கோடிக்குக் கீழே இறங்கியது. என் பார்வையில் முடிவு சரியானது, தாமதமானதும்கூட. நட்பை வளர்க்கும் ஏற்பாடு எதுவாயினும், ‘நாம் செய்வது நல்ல காரியம்’ என்ற உணர்வு அதற்குள் கலந்துவிட்டால், அதன் ஆபத்தைக் கேள்வி கேட்பவர் துரோகியாகத் தெரியத் தொடங்குவார். நெருக்கமான குழுக்களின் பலவீனம் அது. குழுவுக்கு வெளியே நிற்கும் பல்கலைக்கழகம் போன்ற ஒரு தரப்புத் தலையிடாமல் இத்தகைய மரபுகள் நிறுத்தப்படுவது அரிது.

நெருக்கத்தின் இன்னொரு விலையையும் சேர்த்தே சொல்ல வேண்டும். எத்தனை பேரை ஆட அனுப்பலாம் என்பது ஓர் அமைப்பு திரட்டும் பணத்தைப் பொறுத்திருக்கிறது. வசதியான குடும்பங்களும் பெரிய முன்னாள் மாணவர் வலையும் உள்ள சங்கங்களுக்கு இது சாதகம். கட்டணத்துக்காக மாலையில் வேலை பார்க்கும் மாணவருக்கு வாரக் கூட்டமே பாரமாகிவிடும். எந்த அமைப்பையும் சேராத இணைகள் குறிப்பிட்ட தொகையைத் திரட்டிக் குலுக்கல் முறையில் இடம்பெற வழி இருக்கிறது. அது கதவைத் திறக்கிறது; வாசலை அகலமாக்கிவிடவில்லை.

அரங்கமில்லாத ஆண்டு

பெருந்தொற்றுக் காலத்தில், 2021 பிப்ரவரியில், நிகழ்வு இணையவழியே நடந்தது. நிரம்பிய அரங்கம் இல்லை, தோள் கொடுக்க ஆளில்லை, தண்ணீர்த் துப்பாக்கி இல்லை. அப்படியிருந்தும் 1.06 கோடி டாலர் திரண்டது.

இந்த எண் என் கருத்துக்கு எதிரான சாட்சியாகத் தோன்றலாம். கூடி நிற்காமலேயே பணம் வருமென்றால், கூடி நிற்பதற்கு என்ன வேலை? இதைச் சற்று நிதானமாகப் பார்க்க வேண்டும். 2021-இல் திரட்டியவர்களில் மூன்று வகுப்பினர் 2020 பிப்ரவரி வரை அரங்கில் நின்றவர்கள் அல்லது நிற்பதைப் பார்த்தவர்கள். கொடுத்தவர்களிலும் முன்னாள் மாணவர்கள் பலர். முந்தைய ஆண்டுகளில் சேர்த்துவைத்த நட்பை அந்த ஆண்டு செலவழித்தது என்று சொல்வதே பொருத்தம். சேமிப்பிலிருந்து ஓராண்டு உண்ணலாம்.

உண்மையான சோதனை 2022-இல் வந்தது. அந்தப் பிப்ரவரியில் வளாகத்தில் இருந்த முதலாண்டு, இரண்டாமாண்டு மாணவர்கள் அரங்கம் நிறைந்த நிகழ்வைக் கல்லூரி மாணவராக ஒருமுறையும் கண்டதில்லை. இன்னும் ஓராண்டோ ஈராண்டோ அப்படியே போயிருந்தால், எப்படிச் செய்வது என்பதை உடலால் அறிந்தவர் ஒருவரும் எஞ்சியிருக்க மாட்டார்கள். நேரில் அறிந்த மூன்றாம், நான்காம் ஆண்டு மாணவர்களே அறியாத பாதிக்கு எல்லாவற்றையும் கற்றுத்தர வேண்டியிருந்தது. அவர்களுக்கு ஓர் உதவியும் இருந்தது. பென்சில்வேனியாவின் உயர்நிலைப் பள்ளிகள் பலவற்றில் ‘மினி-தான்’ என்ற பெயரில் இதன் சிறு வடிவம் பல்லாண்டுகளாக நடந்து வருகிறது. அதில் இரவு விழித்த பழக்கத்தோடு கல்லூரிக்கு வந்தவர்கள் புதியவர்களிடையே இருந்தார்கள். அரங்கம் மீண்டும் நிறைந்த அவ்வாண்டு 1.37 கோடி டாலர் திரண்டது. ஐம்பது ஆண்டுகள் நிறைவடைந்த 2023-இல் அது ஒன்றரைக் கோடியைத் தொட்டது, 2024-இல் 1.69 கோடி. உண்டியல் குலுக்கிய காலத்தின் உச்சத்தை, உண்டியல் இல்லாமலே கடந்துவிட்டார்கள்.

இந்த வளர்ச்சிக்கு இணையவழிக் கொடை, நிறுவனங்களின் நன்கொடை, முன்னாள் மாணவர்களின் வருமானம் எனப் பல காரணங்கள் இருக்கலாம். அவற்றை ஒதுக்கிவிடவில்லை. ஆனால் முன்னாள் மாணவர் ஒருவர் பட்டம் பெற்றுப் பத்தாண்டுகளுக்குப் பிறகும் கொடுக்கிறார் என்றால், அவரிடம் கேட்கப்போவது பெரும்பாலும் விளம்பரப் பலகை அன்று. இரண்டாம் இரவில் தன் காலுறையை மாற்றிவிட்டவர் கேட்பார். அல்லது அவர் கேட்காமலேயே நினைவு கேட்கும்.

ஞாயிற்றுக்கிழமை மாலை தொகை அறிவிக்கப்பட்டு, கட்டித் தழுவல்கள் ஓய்ந்து, ஆடியவர்களை நண்பர்கள் கைத்தாங்கலாகத் தூங்க அழைத்துச் சென்ற பிறகும் அரங்கில் ஒரு கூட்டம் எஞ்சியிருக்கிறது. உள்ளரங்கம் கூடைப்பந்துக்கும் இசை நிகழ்ச்சிக்கும் உரிய இடம். திரும்ப ஒப்படைக்க வேண்டும். மேடையைக் கழற்றுகிறார்கள், தரையைக் கூட்டுகிறார்கள், இருக்கைகளுக்கு அடியில் கிடக்கும் காகிதத் துணுக்குகளையும் காலிக் குவளைகளையும் பொறுக்குகிறார்கள். அவர்களில் யாரும் ஆடவில்லை. அடுத்த ஆண்டின் கேப்டன்கள் சிலர் அவர்களிடையே குனிந்துகொண்டிருக்கக் கூடும்.